ஆணிக்கு அந்தப் பக்கம் நாலு விரல்

இருபத்து நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. மணல்காரர் தவளை என்கிற பெண்ணுக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. இந்தக் கடனுக்குப் பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. கொடுத்தவளுக்குத் தான் கொடுத்தது தெரியாது. மணல்காரர் தானாகவே உட்கார்ந்து, மணல் லாரிக்காரர் விட்டுப்போன ரசீதின் பின்பக்கத்தில், பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டுப் போட்ட கணக்கு அது. உதவித்தொகை மாதம் ஏழாயிரத்து முந்நூறு, மூன்று மாதத்துக்கு இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். அடியில் முள் வைத்த ஓட்ட ஷூ ஒரு ஜோடி, இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது. மூன்று தடவை கூட்டினார். நாற்பது வயதுக்கு மேல் எழுத்தும் எண்ணும் படித்த மனிதர், அதனால் முதலில் வரும் விடையை அவர் நம்புவதில்லை. மூன்றாவது தடவையும் அதே தொகை வந்ததும் அடியில் இரண்டு கோடு போட்டு, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம்தான் அவருக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. எவ்வளவு என்று தெரியாத பாரத்தைவிட, எவ்வளவு என்று தெரிந்த பாரம் தோளுக்கு லேசு. மூட்டை தூக்கிய காலத்தில் கற்ற பாடம் இது.

மண்டல விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் நீளம் தாண்டுகிற மணல்குழி அவருடைய பொறுப்பு. பதினான்கு வருஷமாக. காலையில் ஆறு மணிக்கு வந்து மணலை மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, கல் பொறுக்கி, குழாயால் தண்ணீர் காட்டி வைப்பார். தண்ணீர் குறைந்தால் மணல் சரிந்து கால் தடம் நிற்காது. கூடினால் கெட்டித்து, இறங்குகிறவர் கணுக்காலைக் கேட்டுவிடும். ஒரு பிடி மணலை அழுத்தித் திறந்தால் விரல் அச்சு நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அதுதான் அவருடைய அளவு. அதற்குக் கருவி கிடையாது. பிள்ளைகள் வந்து தாண்டத் தொடங்கினதும் நீளக் கைப்பிடி வைத்த பல்வாரியோடு குழியின் ஓரத்தில் நிற்பார். ஒருத்தர் தாண்டி எழுந்ததும் அந்தத் தடத்தை மூன்று இழுப்பில் அழித்து மட்டமாக்குவார். அடுத்தவர் வருவார். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. மற்றவர்கள் செய்ததை அழிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று சில சமயம் சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

குழியின் சிமென்ட் ஓரத்தில், தாண்டும் பலகையிலிருந்து சரியாக ஆறு மீட்டர் இருபது செண்டிமீட்டரில், சிவப்புச் சாயம் பூசிய ஓர் ஆணி அடித்திருந்தது. அடித்தது பயிற்சியாளரான கோச்சம்மா. பெண் பிள்ளைகளில் அந்த ஆணியைத் தாண்டி இறங்குகிறவள் முதல் பட்டியலுக்குப் போவாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேர்வு. முதல் பட்டியல் என்றால் உதவித்தொகை, ஷூ, நாலு முட்டையும் பாலும் பழமுமாகத் தனிச் சாப்பாடு, கால் பிடித்துவிட பிசியோ, தாண்டுவதைப் படம் பிடித்து நிறுத்தி நிறுத்திக் காட்டக் கேமராக்காரர். இரண்டாம் பட்டியல் என்றால் விடுதியில் கட்டிலும், மைதானத்தில் இடமும், பொதுச் சாப்பாடும். பிள்ளைக்கு மட்டுமல்ல, பயிற்சியாளருக்கும் அந்த ஆணியில்தான் முடிச்சு. முதல் பட்டியலில் ஒரு பிள்ளையாவது வைத்திருக்கிற பயிற்சியாளரைத்தான் நிலையம் தன் செலவில் மேல்பயிற்சிக்கு அனுப்பும். கோச்சம்மாவின் மேசை இழுப்பறையில் அந்தப் படிப்புக்கான விண்ணப்பம் நிரப்பப்பட்டு, தேதி மட்டும் எழுதாமல் கிடந்தது.

தவளை என்பது கோச்சம்மா வைத்த பெயர். சேர்ந்த முதல் வாரம், குந்தி உட்கார்ந்து துள்ளுகிற பயிற்சியில் மற்றவர்கள் இருபதில் கவிழ்ந்துபோக, இவள் மைதானத்தின் அந்தக் கோடி வரை துள்ளிக்கொண்டே போய், "திரும்பி வரணுமா மேடம்?" என்று கேட்டாளாம். இப்போது இருபத்திரண்டு வயது. அப்பா பேருந்து நிலையத்தில் பெட்டிக்கடை. மணல்காரரை மாமா என்பாள். தாண்டி இறங்கி, எழுந்து, பின்பக்க மணலைத் தட்டிக்கொண்டே குழியை விட்டு வெளியே வரும்போது திரும்பிப் பார்க்காமல், "இழுங்க மாமா!" என்பாள். மற்ற பிள்ளைகள் சும்மா போய்விடுவார்கள். இவள் ஒருத்திதான் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள். மணல்காரருக்கு அது ஒரு கூப்பிடு மாதிரி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் கை போய்விடும்.

அதுதான் வினையாயிற்று.

சென்ற தேர்வில் ஆளுக்கு ஆறு தாண்டல். தவளைக்கு ஐந்தும் ஆணிக்கு இந்தப் பக்கமே. ஆறாவதுக்கு ஓடி வந்தபோதே மணல்காரருக்குத் தெரிந்துவிட்டது. ஓட்டத்தின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. தடதடவென்று இல்லாமல், யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஒரே அளவாக. பலகையில் கால் பட்டது, ஆள் மேலே போனாள், அங்கேயே கொஞ்சம் நின்றாள், இறங்கினாள். பலகையோரம் இருந்த அதிகாரி வெள்ளைக் கொடி தூக்கினார், தாண்டல் செல்லும் என்று. தவளை எழுந்தாள். முகத்தை வானத்துக்குத் தூக்கி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு மணலைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள். திரும்பிப் பார்க்காமல், தினமும் சொல்வது போல, "இழுங்க மாமா!" என்றாள்.

மணல்காரர் இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றாவது இழுப்பில்தான் கோச்சம்மாவின் அலறல் கேட்டது. அளவு எடுக்க வேண்டிய அளவுக்காரர், கருவியில் மின்கலம் தீர்ந்துபோய், அதை மாற்ற முதுகைத் திருப்பியிருந்தார். அவர் திரும்பிப் பார்த்தபோது குழி, விரித்த படுக்கை மாதிரி மட்டமாக இருந்தது. கேமராக்காரரின் கேமரா அன்றைக்குப் பலகையை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது, கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று பிடிக்க. ஒலிபெருக்கியில் நூறு மீட்டர் ஓட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் தவளை சொன்னது வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"யார் சொல்லி இழுத்தீங்க?" என்று தலைமை அதிகாரி கேட்டார்.

மணல்காரர் தவளையைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் மட்டும் தெரிந்தது. பதினான்கு வருஷம் குழியோரம் நின்றவருக்குச் சட்டம் தெரியும். வேலையாள் தப்பு என்றால் பிள்ளைக்கு மறு தாண்டல் உண்டு. பிள்ளையே அழிக்கச் சொன்னாள் என்றால் கிடையாது, பெயருக்கு நேரே கோடுதான்.

"யாரும் சொல்லல சார். கைப்பழக்கம்."

மறு தாண்டல் கொடுத்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட ஒரு தாண்டலை உடம்பு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தரும். பத்து நிமிஷம் கழித்து ஓடி வந்தவள் வேறு யாரோ. ஆறு மீட்டர் மூன்று செண்டிமீட்டர். இரண்டாம் பட்டியல். மணல்காரருக்கு ஒரு மெமோ வந்தது. அலுவலகப் பையன் படித்துக் காட்டட்டுமா என்றான். வேண்டாம் என்று அவரே வாங்கிக் குழியோரம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "கவனக்குறைவு" என்ற சொல்லுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. படித்து முடித்ததும், சரியான சொல்தான் என்று அவருக்குப் பட்டது. அவள் சந்தோஷத்தில் சொன்னாள். சந்தோஷத்தில் இருக்கிறவள் ஆயிரம் சொல்லுவாள். இழுப்பது மட்டுமா என் வேலை? அளக்கிறவர் அளந்து முடிக்கும் வரை இழுக்காமல் நிற்பதற்கும் சேர்த்துத்தானே சம்பளம்? அன்றைக்கு மாலைதான் லாரி ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை, தவளை கழற்றி வைத்திருந்த ஷூவுக்குள் ரசீதையும் ஓர் ஐந்நூறு நோட்டையும் வைத்தார். மூலை கிழிந்து, நீல மை கறை பட்ட நோட்டு. திங்கட்கிழமை அவருடைய கையுறைக்குள் நோட்டு மட்டும் திரும்பி வந்திருந்தது. ரசீதைக் காணோம். அடுத்த சனிக்கிழமை மறுபடி ஷூவில் வைத்தார். திங்கட்கிழமை மறுபடி கையுறையில். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த நோட்டு மட்டும் வாரா வாரம் அவர்களுக்காகப் போய் வந்துகொண்டிருந்தது.

அவருடைய மனைவிக்கும் நிலையத்தில்தான் வேலை, சலவைக்கூடத்தில். பிள்ளைகளின் பனியன்களோடு வீட்டுச் சட்டை இரண்டையும் யாருக்கும் தெரியாமல் இயந்திரத்தில் போட்டு எடுத்து வருவாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அந்த நோட்டை விரித்து அவர் முன்னால் ஆட்டினாள்.

"என்னங்க, இது யாரு பணம்? இந்த ஒரு நோட்டை நான் நாலு வாட்டி துவைச்சுட்டேன்."

"தவளையோடது."

"அப்ப உங்க பையில எதுக்கு இருக்கு?"

"அவ என்னோடதுங்கறா."

"ரெண்டு பேருக்கும் வேணாம்னா எங்கிட்ட குடுங்க. எனக்கு வேணும்."

அவர் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெமோ வந்த கதை அவளுக்குத் தெரியும், நிலையம் முழுக்கத் தெரியும்.

"ஒண்ணு கேக்கறேன். வீட்டுல துடைப்பத்தை எடுங்கன்னு நான் மூணு வாட்டி சொல்லணும். நாலாவது வாட்டிதான் எந்திரிப்பீங்க. உங்க கை தானா போச்சுன்னு அவங்க நம்பலாம், இருபத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ நான் நம்பணுமா? யாரோ சொல்லித்தான் இழுத்திருக்கீங்க."

"யாரும் சொல்லல."

"சரி. சொல்லல." நோட்டை மடித்து அவர் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்."

இரண்டாம் பட்டியலுக்குப் போனவள் பிழைப்பது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். பொதுச் சாப்பாட்டில் உடம்பு தேறாது, பிடித்துவிட ஆள் இல்லாமல் தொடை இறுகும், மெல்ல மெல்ல ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் அந்த மூன்று மாதம் நிலையத்தில் ஓர் அதிசயம் நடந்தது. சமையல்காரர் அவிக்கிற முட்டையில் தினமும் சரியாக நாலு முட்டை உடைந்துபோயிற்று. உடைந்ததை முதல் பட்டியல்காரர்களுக்குப் பரிமாறக் கூடாது, எறியவும் மனம் வராது. அந்த நேரம் பார்த்துத் தவளை தட்டோடு நிற்பாள். பிசியோ தன் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்த மாதிரிக் கால் ஒன்று வேண்டும் என்று தினமும் ஆள் தேடினார். முப்பது பேர் நடக்கிற வராந்தாவில் அவர் கண்ணுக்குத் தவளையின் கால்தான் தெரிந்தது. கேமராக்காரர், அன்றைக்குக் குழியைப் பிடிக்காமல் விட்டவர், மின்கலம் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சோதிக்கத் தினமும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். சோதனைக்குக் கேமராவை வைத்த இடம் தவளை தாண்டுகிற இடம். இதற்கெல்லாம் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாது என்றுதான் ஒவ்வொருத்தரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்குநர் ஒருவர் இருந்தார். காகிதத்திலேயே பிறந்து காகிதத்திலேயே வளர்ந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஒரு நாள் சமையலறைக்கு வந்து கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இந்த மாசம் முட்டை ரொம்ப உடையுதே?"

"கோழி சரியில்ல சார்," என்றார் சமையல்காரர்.

இயக்குநர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. "தேர்வு வரைக்கும் அதே கோழியே இருக்கட்டும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கோச்சம்மாவுக்கும் அவர் ஒரு வழி செய்தார். மேல்பயிற்சிக்கு அனுப்ப முடியாது, சட்டம் இடம் தராது. ஆனால் அங்கே பாடம் நடத்துகிற மூத்த பயிற்சியாளர் மாதம் ஒரு முறை நிலையத்தின் ஜிம்மைப் பார்வையிட வரலாம், வந்த இடத்தில் கோச்சம்மாவோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம், டீ குடிக்கும்போது தவளையின் படங்களை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். டீ குடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கோச்சம்மா மணல்காரரோடு ஒன்பது நாள் பேசவில்லை. அவளும் தாண்டியவள்தான், முழங்கால் போய்ப் பயிற்சியாளர் ஆனவள். நடக்கும்போது அந்த முழங்கால் கதவு கீல் மாதிரி கிறீச்சிடும். பத்தாம் நாள் குழியோரம் வந்து, ஒரு பிடி மணலை எடுத்து அழுத்திப் பார்த்து, "தண்ணி ஜாஸ்தி," என்றாள். அது சரியான பக்குவத்தில்தான் இருந்தது. அவர், "குறைச்சிடறேன் மேடம்," என்றார். அத்தோடு கோபம் தீர்ந்தது.

தீராதது தவளையிடம்தான். முட்டை தின்றாள், கால் தேறியது, ஓட்டம் தேறியது. ஆனால் தாண்டல் வரவில்லை. ஆணிக்கு ஒரு சாண் முன்னால், அரைச் சாண் முன்னால், இப்படியே விழுந்தாள். தாண்டி எழுந்து வரும்போது வாயைத் திறப்பதில்லை. அந்த நாளிலிருந்து "இழுங்க மாமா" நின்றுபோயிற்று. உதட்டை இறுக்கிக்கொண்டு குழியைச் சுற்றி விலகிப் போவாள். மணல்காரர் வாரியைப் பிடித்தபடி நிற்பார். எப்போது இழுப்பது என்றே தெரியாது. கோச்சம்மா, "என்ன தூங்கறீங்களா?" என்று கத்தினால் இழுப்பார்.

டீ குடிக்க வந்த மூத்த பயிற்சியாளர்தான் படத்தை நிறுத்திக் காட்டினார் என்று கேமராக்காரர் வந்து சொன்னார். "உயரம் இருக்கு, வேகம் இருக்கு. காத்துல இருக்கும்போதே தலையைத் திருப்பறா அண்ணே. இறங்கறதுக்கு முன்னாடியே பக்கவாட்டுல பாக்கறா. அதுல இடுப்பு சாஞ்சு அரைச் சாண் போயிடுது. எதைத்தான் பாக்கறாளோ."

எதை என்று மணல்காரருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான் நிற்கிறார், கையில் வாரியோடு. இருபத்து நாலாயிரத்து எழுநூற்று ஐம்பதோடு கடன் நிற்கவில்லை, அது நாளுக்கு நாள் ஏறுகிறது என்று தோன்றியது. குழியை வேறு ஆளிடம் விட்டுவிட்டுத் தோட்ட வேலைக்குப் போகிறேன் என்று கோச்சம்மாவிடம் கேட்டுப் பார்த்தார்.

"போங்க," என்றாள் அவள். "போயிட்டு, அந்த மணலை அந்தப் பதத்துக்குக் கொண்டு வர ஒரு ஆளை எனக்குக் காட்டிட்டுப் போங்க."

அவர் போகவில்லை.

தேர்வு நாள் காலை. ஆறு மணி இருக்கும். மணலைக் கொத்திப் புரட்டி முடித்துத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விடுதிப் பக்கமிருந்து தவளை வந்தாள், தோளில் ஒரு வெள்ளைத் துண்டோடு. வந்து குழியின் சிமென்ட் ஓரத்தில் உட்கார்ந்தாள். மூன்று மாதத்தில் அவளாக அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

"மாமா, அன்னைக்கு நான்தானே சொன்னேன்?"

"என்ன சொன்னே?"

"'இழுங்க மாமா'ன்னு."

"எனக்குக் கேக்கல பாப்பா."

"கேக்காமலா இழுத்தீங்க?"

"கைப்பழக்கம்."

"மெமோ உங்களுக்கு. மறு தாண்டல் எனக்கு. நான் வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். உங்களைத் திட்டும்போதும் பொத்திக்கிட்டே நின்னேன்."

"நீ வாயைத் திறந்திருந்தா அந்த ஒரு தாண்டலும் போயிருக்கும்."

தவளை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப, கேட்டிருக்கு."

மணல்காரர் மாட்டிக்கொண்டார். கையிலிருந்த குழாய் ஒரே இடத்தில் தண்ணீரைக் கொட்டி மணலில் பள்ளம் பறித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தும் அவருக்குத் திருப்பத் தோன்றவில்லை. அவள்தான் எழுந்து போய்க் குழாயை மூடிவிட்டு வந்தாள்.

"இன்னிக்குத் தேர்வு முடிஞ்சதும் டைரக்டர் சார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன். தாண்டினாலும் சரி, தாண்டலேன்னாலும் சரி. மெமோல இருக்க வேண்டியது என் பேரு."

"அதெல்லாம் வேணாம்."

"வேணும். அது என் விஷயம், நீங்க பேசாதீங்க." பிறகு குரல் இறங்கிவிட்டது. "இன்னொண்ணு கேக்கணும் மாமா. எவ்வளவு?"

"எது எவ்வளவு? ரசீதுலதான் இருக்கே."

"பணம் இல்ல. அன்னைக்கு நான் எங்க விழுந்தேன்? எனக்குத் தெரியாது. எந்திரிச்சதும் நான் வானத்தைப் பாத்தேன். மேடம் பலகையைப் பாத்தாங்க. கேமராவும் பலகையைப் பாத்துச்சு. அளக்கிறவர் முதுகைக் காட்டிட்டு நின்னார். குழியைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். அது ஆணியைத் தாண்டுச்சா இல்லையான்னு மூணு மாசமா தெரியல மாமா. தாண்டலேன்னா என்னால முடியாதுன்னு அர்த்தம். தாண்டுச்சுன்னா..."

அவள் கண் சிவப்பு ஆணிக்குப் போயிற்று.

மணல்காரருக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அழிக்கிறவர் கண்ணில் விழாமல் ஒரு தடமும் அழிந்ததில்லை. முதல் இழுப்புக்கு முன்னால் அந்த அரை நொடியில் பார்த்தது, கண்ணை மூடினால் இன்றும் அப்படியே நிற்கிறது. சொன்னால் பிள்ளை இன்னும் நொந்துபோகும் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தார். கையில் வந்த பொருளை மாமன் தட்டிவிட்டான் என்று ஆகிவிடுமே. இப்போது அவள் முகத்தைப் பார்த்ததும், தான் எதைக் கடன் என்று நினைத்து எதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று. அவளுடையது ஒன்று தன்னிடம் இருந்தது. அது அந்த ஐந்நூறு நோட்டு இல்லை.

மெதுவாகக் குழிக்குள் இறங்கி, ஆணிக்கு நேராக முட்டி போட்டார். முட்டி படக்கென்றது. சிவப்பு ஆணியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, அதற்கு அந்தப் பக்கமாக மற்ற விரல்களையும் சேர்த்துப் படுக்க வைத்தார். நாலு விரல். காய்ப்புக் காய்த்த தடித்த விரல்கள். சுண்டுவிரல் முடிந்த இடத்தில் இடது கையால் ஈர மணலில் சின்னதாக ஒரு குழி செய்தார்.

"இங்க. இடது குதிகால். வலது இதைவிடக் கொஞ்சம் முன்னால."

தவளை பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். அவர் கையை எடுத்ததும் அந்த இடத்தில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல் மெல்லிசு. நாலு வைத்தும் இடம் மீந்தது. கட்டைவிரலையும் சேர்த்தாள். அப்புறமும் கொஞ்சம் இருந்தது.

"நிஜமாவா மாமா?"

"மணல்ல நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவள் தலை குனிந்து அந்தச் சின்னக் குழியையே பார்த்தாள். தோள் குலுங்கிற்று. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க அவர் குனியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து எதையோ எடுத்து அவரிடம் நீட்டினாள். மூலை கிழிந்த ஐந்நூறு. மை கறை துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது.

"இது அத்தைக்கு. தனக்கு வேணும்னு சலவைக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

அப்புறம் மணலில் நகர்ந்து உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் பெரிது பெரிதாக எழுதினாள். அவர் எழுத்துக்கூட்டாமலே படித்தார். தெரிந்த தொகைதான். 24750. ரசீதில் அவர் போட்ட மாதிரியே அடியில் இரண்டு கோடும் போட்டாள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

தவளை எழுந்தாள். பின்பக்க மணலைத் தட்டிக்கொண்டாள். குழியை விட்டு வெளியே ஏறி, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"இழுங்க மாமா."

மணல்காரர் வாரியை எடுத்தார். இழுக்கப் போன கை நின்றது. பலகைப் பக்கம் பார்த்தார், அளவுக்காரர் நிற்கிற இடத்தைப் பார்த்தார். மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

"அளந்தாச்சா?" என்றார்.

"அளந்தாச்சு."

"கொடி?"

அவள் அப்போதும் திரும்பவில்லை. தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

அவர் இழுத்தார். ஒன்றில் இரண்டு கோடும் போயிற்று. இரண்டில் தொகை பாதி போயிற்று. மூன்றாவதை மெதுவாக, ஆணியோரச் சின்னக் குழி வரைக்கும் சேர்த்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்தார்.

ஒன்பது மணிக்கு அதிகாரிகள் வந்தார்கள். இந்தத் தடவை அளவுக்காரர் மின்கலம் இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தார். கேமராக்காரர் ஒரு கேமராவைப் பலகைக்கும் ஒன்றைக் குழிக்கும் நட்டுவிட்டு, இரண்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார். தவளை அட்டவணையில் மூன்றாவது. அவள் பெயரைக் கூப்பிட்டதும் மணல்காரர் வாரியை எடுத்துப்போய்ப் பத்தடி தள்ளிப் புல்லில் படுக்க வைத்தார். திரும்பி வந்து குழியோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின் மேல் பாரத்தைப் போட்டு அழுத்திக்கொண்டார். அதைப் பார்த்துக் கோச்சம்மா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். தவளை ஓடுபாதையின் அந்தக் கோடியில் நின்று ஒரு காலை மாற்றி ஒரு காலை உதறினாள். பிறகு புறப்பட்டாள். ஒரே அளவாக, கதவைத் தட்டுகிற மாதிரி, சத்தம் நெருங்கி வந்தது. மணல்காரர் அவளைப் பார்க்கவில்லை. ஆணிக்கு அந்தப் பக்கம், விரல் அச்சுகூட இல்லாமல், ஈரமாக, மட்டமாகக் கிடந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.